எம்பி3 பாட்டுகளுக்குப் பெயர் சரிசெய்யும் மென்பொருள்: வசதி முக்கியமா, பாதுகாப்பு முக்கியமா?

பென் டிரைவை காரில் செருகினால் பாட்டு ஓடுகிறது. ஆனால் திரையில் படத்தின் பெயர் வரவேண்டிய இடத்தில் ஏதோ ஒரு இணையதளத்தின் பெயர் வருகிறதா? அதைச் சரிசெய்யத்தான் டேக் எடிட்டர்கள் இருக்கின்றன. அவசரத்தில் தட்டினால் 200 பாட்டுக்கும் ஒரே பாடகர் ஆகிவிடுவார் என்பதுதான் சிக்கல்.

டேக் என்றால் என்ன?

எம்பி3 கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கும் விவரச்சீட்டு அது. 1996-ல் வந்த ஐடி3 முதல் வடிவத்துக்கு மொத்தமே 128 பைட் இடம். பாட்டு, கலைஞர், ஆல்பம் ஒவ்வொன்றுக்கும் 30 எழுத்து. இசையமைப்பாளருக்குத் தனி இடமே கிடையாது. 1998-ல் வந்த இரண்டாம் வடிவத்தில்தான் இசையமைப்பாளர், பாடலாசிரியர் என்று தனித்தனி இடம் கிடைத்தது. தமிழ், மலையாள எழுத்துகளுக்கும் வழி பிறந்தது.

நம் பாட்டுகளில் என்ன சிக்கல்?

தமிழும் மலையாளமும் சேர்ந்து புழங்கும் பாலக்காடு மாவட்டம் பெருமாட்டி பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அருகிலுள்ள சித்தூரில் பிறந்தவர் பி.லீலா. ‘மிஸ்ஸியம்மா’ (1955) படத்தில் அவரும் ஏ.எம்.ராஜாவும் சேர்ந்து பாடினார்கள், இசை எஸ்.ராஜேஸ்வர ராவ். இதில் ‘கலைஞர்’ யார்? சிலர் பாடகர் பெயரைப் போடுவார்கள், சிலர் இசையமைப்பாளர் பெயரை. அதே மாவட்டத்து எலப்புள்ளியில் பிறந்த எம்.எஸ்.விஸ்வநாதன் இசையமைப்பாளர், பாடகரும்கூட.

மென்பொருள்கள் இதை எப்படிக் கையாளுகின்றன?

முதலாவது, எத்தனை கட்டங்களைக் காட்டுவது என்பது. நாலே கட்டம் இருந்தால் யாருக்கும் குழப்பமில்லை. ஆனால் பாடலாசிரியர் பெயரை எங்கே எழுதுவது? எல்லாக் கட்டத்தையும் காட்டினால், பார்த்ததுமே மூடிவிடத் தோன்றும்.

இரண்டாவது, மொத்தமாக மாற்றும் வசதி. ‘எம்பி3டேக்’ மென்பொருள் பாட்டுகளை அட்டவணையாக அடுக்கிக் காட்டும். பல பாட்டுகளைச் சேர்த்துத் தேர்வு செய்தால், விவரம் வேறுபடும் கட்டத்தில் ‘கீப்’ என்று வரும். ‘இருப்பதை அப்படியே விடு’ என்று அர்த்தம். அதன்மேல் ஒரு பெயரை எழுதிச் சேமித்தால் எல்லாப் பாட்டிலும் அதே பெயர்தான். எம்.எஸ்.வி. பாட்டுகளை ஒழுங்குசெய்கிறேன் என்று இப்படிச் செய்தால், 1965 வரை அவரோடு இணைந்து இசையமைத்த ராமமூர்த்தியின் பெயர் சத்தமில்லாமல் காணாமல் போய்விடும்.

மூன்றாவது, தானாகக் கண்டுபிடிப்பது. ‘மியூசிக்பிரெய்ன்ஸ் பிக்கார்ட்’ பாட்டின் ஒலியை வைத்தே தரவுத்தளத்தில் தேடும். சேமிக்கும் முன் பழைய விவரத்தையும் புதிய விவரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். வேலை கொஞ்சம் மெதுவாக நடக்கும், ஆனால் தப்பைக் கண்ணால் பிடித்துவிடலாம். தரவுத்தளத்தில் இல்லாத பாட்டுக்கு இது உதவாது. படப் பாட்டை ஏதாவது தொகுப்பு ஆல்பத்தோடு பொருத்திவிடவும் வாய்ப்புண்டு.

அப்படியானால் எதைத் தேர்வு செய்வது?

ஆல்பம் ஆல்பமாக ஒழுங்காக இருக்கும் பாட்டுகளுக்கு பிக்கார்ட் போதும். கேசட்டிலிருந்து மாற்றியவை, பெயர் கலைந்தவை என்றால் எம்பி3டேக் மாதிரி அட்டவணை வகைதான் கைகொடுக்கும். எதுவாக இருந்தாலும் இந்த நாலையும் விடாதீர்கள்:

• முதலில் மொத்த ஃபோல்டரையும் வேறொரு இடத்தில் காப்பி எடுத்துவையுங்கள்.
• கலைஞர் கட்டத்தில் பாடகர், இசையமைப்பாளர் கட்டத்தில் இசையமைப்பாளர் என்று ஒரே முறையை வைத்துக்கொள்ளுங்கள்.
• பெயரைத் தமிழில் எழுதும் முன், உங்கள் கார் பிளேயர் தமிழ் எழுத்தைக் காட்டுகிறதா என்று ஒரு பாட்டில் சோதியுங்கள்.
• ஐந்து பாட்டில் மாற்றிப் பார்த்துவிட்டு, பிறகு மீதியைத் தொடுங்கள்.

வாங்கிய பாட்டை மறுபடி டவுன்லோடு செய்துகொள்ளலாம். அப்பாவின் கேசட்டுக்கு நீங்கள் எழுதிவைத்த விவரம் வேறெங்கும் கிடைக்காது. சேமிக்கும் பட்டனை அழுத்தும் முன் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.