மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனவர்

2020 ஜூலையில் வெளிமாநிலத்திலிருந்து ஊருக்குத் திரும்பியபோது என்னை ஒரு விடுதிக் கட்டடத்தில் 14 நாள் அடைத்து வைத்தார்கள். அடைத்து என்று சொல்வது கொஞ்சம் அதிகம்தான். கட்டில் இருந்தது, மூணு வேளையும் பொட்டலச் சோறு வந்தது, சார்ஜர் சொருக பிளக் பாயின்ட் இருந்தது. கழிவறையில்தான் நாலு நாளாகத் தண்ணீர் இல்லை. ஐந்தாம் நாள் பார்வையிட ஓர் அதிகாரி வந்தார். ஜீப்பை விட்டு இறங்காமலே, கேட்டருகே நின்ற காவலாளியிடம் "எல்லாம் ஓகேதானே?" என்றார். "ஓகே சார்." ஜீப் கிளம்பிடுச்சு. மூணாவது மாடியிலிருந்து நாங்க எட்டுப் பேர் பார்த்துக்கிட்டே நின்னோம்.

கோபம் வந்தது நிஜம். ஆனா ராத்திரி படுத்துக்கிட்டு யோசிச்சா, அந்த மனுஷன் உள்ளே வந்திருந்தா மட்டும் என்ன ஆகியிருக்கும்? அன்னிக்கு இன்னும் நாலஞ்சு முகாம் போகணும்னு பேசிக்கிட்டாங்க. எங்க மாடியில ஒருத்தருக்கு இருமல் வேற. இங்கிருந்து கிருமியைச் சுமந்து அடுத்த முகாமுக்குக் கொண்டு போயிருப்பாரு. உள்ளே வந்தாலும் தப்பு, வராட்டியும் தப்பு!

வேலைவெட்டி இல்லாத அந்த இரவுகளில் கைபேசியில் தேட ஆரம்பிச்சேன். நோய் பரவுற காலத்துல, பூட்டின கதவுக்குப் பின்னாடி இருக்கறவங்களை யார்தான் போய்ப் பார்த்திருக்காங்க? அப்படி அகப்பட்டவர்தான் ஜான் ஹோவர்ட்.

அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன் சிறைக் காய்ச்சல் பற்றிச் சொல்லணும். இன்றைக்கு டைபஸ் என்கிறோம் (நம்ம ஊர் டைபாய்டு இல்லை, அது வேற). உடம்புப் பேன் மூலமாகப் பரவுவது. பேன்தான் காரணம் என்பது 1909-ல்தான் தெரிய வந்தது. ஹோவர்ட் காலத்தில் ஐரோப்பாவில் பெரும்பாலோர் நாற்றம்தான் நோயைப் பரப்புது என்று நம்பினார்கள். 1577-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு புத்தக பைண்டரின் வழக்கு. விசாரணை முடிந்த சில நாட்களில் நீதிபதி உட்பட சுமார் 300 பேர் காய்ச்சலில் செத்தார்கள். 1750-ல் லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் அதே கதை. லண்டன் மேயரும் நீதிபதிகள் இருவரும் பலி. பிறகுதான் அரசுக்கு உறைத்தது. என்ன செய்தார்கள்? நியூகேட் சிறைக் கூரையில் காற்றாடி வைத்தார்கள். நீதிபதிகள் கையில் மணமுள்ள மூலிகைக் கொத்து வைத்துக்கொண்டார்கள். கைதி சாகும்போது அசையாத நாற்காலி, நீதிபதி செத்ததும் அசைந்தது. அதுவும் மூலிகைக் கொத்து அளவுக்குத்தான், ஹூம்.

ஹோவர்ட் 1773-ல் பெட்ஃபோர்ட்ஷைரின் ஷெரீப் ஆனார். அந்தப் பதவிக்காரர்கள் பெரும்பாலும் சிறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. இவர் போனார். அங்கே பார்த்தது என்னவென்றால், நீதிமன்றம் குற்றமற்றவர் என்று விடுவித்த ஆட்களே உள்ளே கிடக்கிறார்கள். ஏன்? ஜெயிலருக்குச் சம்பளம் கிடையாது. கைதிகளிடம் கட்டணம் வாங்கித்தான் அவர் பிழைப்பு. கட்டணம் கட்டாதவன் நிரபராதியானாலும் வெளியே போக முடியாது. ஜெயிலருக்குச் சம்பளம் கொடுங்களேன் என்று மாவட்ட நீதிபதிகளிடம் கேட்டார். வேறு எந்த மாவட்டத்திலாவது அப்படி வழக்கம் உண்டா, காட்டுங்கள் என்றார்கள். சரி, தேடிப் பார்ப்போமே என்று குதிரை ஏறியவர்தான். வழக்கம் எங்கேயும் கிடைக்கவில்லை. ஆனா ஊர் ஊராகச் சிறைகளைப் பார்த்துவிட்டார்.

பார்த்த விதம்தான் முக்கியம். அறைகளின் நீள அகலத்தை அளந்தார். ஜன்னல் இருக்கா, தண்ணீர் இருக்கா, வைக்கோல் எப்போ மாத்தினாங்க, எத்தனை பேர் என்று குறித்தார். ஜன்னலுக்கு வரி இருந்த காலம் அது. வரியை ஜெயிலரே கட்ட வேண்டும் என்பதால் பல சிறைகளில் ஜன்னலை அடைத்தே விட்டிருந்தார்கள்! உடுப்பில் ஏறிய நாற்றம் தாங்காமல் மூடிய வண்டியில் போக முடியாது, அதனால் குதிரை. குறிப்பேட்டைக்கூட நெருப்பின் முன் விரித்துக் காயவைத்த பிறகே பிரிக்க முடிந்ததாம். பல ஜெயிலர்கள் காய்ச்சலுக்குப் பயந்து கைதிகளின் அறைக்கு அவரோடு வர மறுத்தார்கள். (எங்க ஜீப் அதிகாரிக்கு வரலாற்றுத் துணை கிடைச்சாச்சு.)

அவர் எப்படித் தப்பித்தார்? உள்ளே போகும்போது வினிகரை முகர்ந்துகொள்வாராம், வெளியே வந்ததும் உடுப்பை மாற்றிவிடுவாராம். இதைப் படிச்சப்போ நிமிர்ந்து உட்கார்ந்தேன். வினிகரால் பைசா பிரயோஜனம் இல்லை. ஆனா உடுப்பை மாற்றினாரே, பேன் போறது அதோடதானே! காரணம் தெரியாமலே சரியான காரியம் செய்திருக்கிறார். அடுத்த சிறைக்கு அவர் நோயைச் சுமந்து போகாமல் இருந்திருந்தால் அதனால்தான் இருக்கணும். நாள்பட நாள்பட அந்த முன்ஜாக்கிரதைகளை விட்டுவிட்டதாக அவரே எழுதி வைத்திருக்கிறார்.

1774-ல் நாடாளுமன்றம் கூப்பிட்டு விசாரித்தது. யார் செலவில் இத்தனை ஊர் சுற்றினீர்கள் என்று ஓர் உறுப்பினர் கேட்டாராம். பரம்பரைச் சொத்து, சொந்தக் காசு. ஒரு வருடத்தோடு ஷெரீப் பதவி முடிந்த பிறகு எந்த அதிகாரமும் கிடையாது, வெறும் ஆள். அந்த ஆண்டே இரண்டு சட்டங்கள் வந்தன. விடுதலையானவரிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்பது ஒன்று. வருடம் ஒருமுறை சுவருக்குச் சுண்ணாம்பு, காற்றோட்டம், நோயாளிக்குத் தனி அறை, மருத்துவர் என்பது இன்னொன்று. சட்ட நகல்களைத் தன் செலவில் அச்சடித்து எல்லாச் சிறைகளுக்கும் அனுப்பினார். அப்புறம் மறுபடி போய்ப் பார்த்தார், பல இடங்களில் சட்டம் காகிதத்தில் மட்டும்தான் இருந்தது. 1777-ல் புத்தகம் போட்டார். தூக்கில் தொங்கியவர்களைவிடச் சிறைக் காய்ச்சலில் செத்தவர்கள் அதிகம் என்று அதில் சொல்கிறார். அவர் எண்ணிய 4,084 கைதிகளில் 2,437 பேர் கடனாளிகள்.

அடுத்ததுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். பிளேக் காலத்தில் கப்பல் பயணிகளை அடைத்து வைக்கும் தனிமை விடுதிகளையும் பார்க்க ஆசைப்பட்டார். வெளியே நின்று பார்த்தால் உண்மை தெரியாது என்று, ஸ்மிர்னாவில் வேண்டுமென்றே நோய்ச் சந்தேகம் உள்ள கப்பலைத் தேடி ஏறினார். வழியில் கடற்கொள்ளையர் வேறு. பீரங்கியில் ஆணியும் இரும்புத் துண்டுமாகத் திணித்து இவரே சுட்டாராம், அறுபதை நெருங்கும் வயதில்! வெனிஸில் ஆறு வாரம் போல அடைபட்டுக் கிடந்தார். கொடுத்த அறையின் நாற்றம் தாளாமல் சுண்ணாம்பு அடிக்க வைத்தார். எல்லாம் 1789-ல் புத்தகமாக வந்தது.

இப்போ 2020. இங்கிலாந்தின் சிறைகளுக்குத் தனி ஆய்வாளர் அலுவலகம் உண்டு. அப்போது தலைமை ஆய்வாளர் பீட்டர் கிளார்க். மார்ச் 17-ல் வழக்கமான ஆய்வுகளை நிறுத்தினார்கள். நான் விடுதியில் யோசித்த அதே காரணம்தான். மார்ச் 24-லிருந்து குடும்பத்தார் சந்திப்பும் நின்றது. ஆக உள்ளே என்ன நடக்குதுன்னு பார்க்க வெளியாள் கிட்டத்தட்ட இல்லை. சுமார் ஐந்து வாரம். ஏப்ரல் 21-ல் வேறு முறையில் திரும்பினார்கள்: இரண்டு மூன்று பேர், ஒரே நாள், தள்ளி நின்று பேச்சு. முதலில் போனது சிறுவர் சிறைகளுக்கு. இரண்டு இடங்களில் பிள்ளைகள் 22 மணி நேரத்துக்கு மேல் அறைக்குள் கிடந்தார்கள், பாடம் நின்று போயிருந்தது. பார்க் என்ற மூன்றாவது இடத்தில் மட்டும் வகுப்பு நடந்தது, தினம் 3 மணி நேரம் வெளியே விட்டார்கள். மூன்றுக்கும் ஒரே நோய், ஒரே அரசு. போய்ப் பார்க்காமல் இருந்திருந்தால், இந்தக் காலத்தில் இதற்கு மேல் முடியாது என்று சொல்லியிருப்பார்கள், நாமும் நம்பியிருப்போம்.

அறைக்குள் பூட்டியதால் உயிர்கள் தப்பியதையும் சொல்லணும். நடவடிக்கையே இல்லாவிட்டால் ஆயிரக்கணக்கில் சாவு என்று கணித்திருந்தார்கள், முதல் அலையில் அது நடக்கவில்லை. அதற்குக் கைதிகள் கொடுத்த விலையை 2021 பிப்ரவரி அறிக்கையில் ஆய்வாளர்கள் எழுதினார்கள். மாதக்கணக்கில் தினம் 22 மணி நேரத்துக்கு மேல் பூட்டு, குளியலா ஃபோனா எனத் தேர்ந்தெடுக்கும் அவசரம், மனச்சோர்வு.

கட்டாயத் தனிமை முகாமும் தடுப்புக்காவல் இடம்தான், அங்கேயும் கண்காணிப்பாளர்கள் போகலாம் என்று ஐநா துணைக்குழு 2020-லேயே சொல்லிவிட்டது. அதற்குரிய ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை.

ஹோவர்ட் 1790 ஜனவரி 20-ல், இன்றைய உக்ரைனில் இருக்கும் கெர்சோன் அருகே, ஒரு நோயாளியைப் பார்க்கப் போய்த் தொற்றிய காய்ச்சலில் இறந்தார். கல்லறையில் ஒரு சூரியக் கடிகாரம் போதும், என்னை மறந்துவிடுங்கள் என்று கேட்டிருந்தார். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில் சிலை வைத்துவிட்டார்கள்.

எங்க விடுதியில் ஒன்பதாம் நாள் தண்ணீர் வந்தது. மாடியேறி உள்ளே வந்து பார்த்த முதல் ஆள் பிளம்பர்தான். குழாயைத் திறந்து காட்டிட்டு, "இத்தனை நாளா எப்படிங்க இருந்தீங்க?"ன்னு கேட்டார்.