அடைக்கலம்: இரக்கமா, உரிமையா?

குண்டாற்றுப் படுகையில் பங்குப்பணி ஆற்ற வருகின்ற குருக்கள் முதலில் கற்றுக்கொள்வது கண்மாய்ப் பாடத்தையே. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்கள் வானம் பார்த்த பூமி. ஆண்டில் சில நாட்கள் மட்டுமே ஆற்றில் நீர் ஓடும். அந்தச் சில நாள் நீரைத் தேக்கி வைக்கவே நம் முன்னோர் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்மாய்களை அமைத்தனர். மேல் கண்மாய் நிரம்பியபின் மறுகால் பாய்ந்து கீழ்க் கண்மாயை அடைகிறது நீர். எந்த மட்டத்தில் அது வழிய வேண்டும் என்பதைக் கலிங்கின் கல் முடிவு செய்கிறது. மேலூர்க்காரர் தாராள மனத்தினரா, கீழூர்க்காரர்மீது அவருக்கு மனத்தாங்கல் உண்டா என்னும் கேள்விக்கே அங்கு இடமில்லை. யாரேனும் ஓரிரவில் கலிங்கின்மீது மணல் மூட்டைகளை அடுக்கினால், மறுநாள் கீழூர்க்காரர் அந்தக் கல்லைச் சுட்டிக்காட்டி நியாயம் கேட்கலாம்.

நாடுகளுக்கிடையிலும் இத்தகைய கல் ஒன்று வேண்டுமா? அல்லது ஒவ்வொரு நாட்டின் நல்ல மனமே போதுமா? இக்கேள்வி புதுதில்லிக்கும் ஜெனீவாவுக்கும் மட்டும் உரியதன்று. நம் வட்டாரத்துக் குல்லூர்சந்தையிலும் மல்லாங்கிணற்றிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. 2021 முதல் அவற்றுக்கு மறுவாழ்வு முகாம்கள் என்று பெயர். தமிழ்நாடெங்கும் இத்தகைய முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர் வாழ்கின்றனர்.

ஒரு ஞாயிறு திருப்பலிக்குப் பின் முகாமிலிருந்து மூதாட்டி ஒருவர் நம்மைக் காண வந்தார். அவருடைய பாட்டி திருச்சுழிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, இளமையிலேயே தேயிலைத் தோட்டத்துக்குச் சென்றவர். அந்தப் பாட்டியின் திருமுழுக்குச் சான்று கிடைக்குமா என்று கேட்டார் மூதாட்டி. பழைய பதிவேடுகளை இரண்டு நாட்கள் புரட்டினோம். செல்லரித்த ஒரு தாளில், அயல்நாட்டுக் குரு ஒருவர் இலத்தீனில் எழுதிய வரியில், அந்தப் பெண் குழந்தையின் பெயரும் ஊரும் இருந்தன. மூதாட்டியின் கண்கள் நிறைந்தன. "பாட்டி பிறந்த ஊருக்குப் பக்கத்துலதான் சாமி இருக்கோம். ஆனா இன்னமும் வந்தவங்கதான்," என்றார். சான்றை எழுதிக் கொடுத்தோம். அதனை எடுத்துச் சென்ற அலுவலகத்தில் அது போதாது என்று கூறிவிட்டனர்.

பாட்டி பிறந்த மண்ணில் பேத்தி அயலாரானது எப்படி? இதற்கு விடை காண வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்க்க வேண்டும்.

இரு நாடுகள், ஒரு மக்கள்

19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் மலைத் தோட்டங்களுக்கு ஆட்களை அனுப்பியவை பெரும்பாலும் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களே. 1876-78ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சத்தில் பசிக்கு அஞ்சிக் கங்காணிகளின் பின்னே சென்றோர் பலர். பிற்காலத்தில் அவர்களைத் தடுத்து நிறுத்தி நோய்ச் சோதனை செய்து கப்பலேற்ற இலங்கை அரசு மண்டபத்தில் ஒரு முகாம் நடத்தியது. பல்லாண்டுகளுக்குப் பின், கடல் கடந்து ஓடி வந்த அவர்களுடைய வழித்தோன்றல்களை ஏற்ற இடமும் அதே மண்டபம்தான்.

1948 பிப்ரவரியில் இலங்கை விடுதலை பெற்றது. அவ்வாண்டே இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழர் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர் நாடற்றோர் ஆயினர். அவர்கள் இந்தியர் என்றது இலங்கை. அங்கேயே பிறந்து உழைத்தவர்கள் இலங்கையின் பொறுப்பு என்றது இந்தியா. இரு நாடுகளும் தத்தம் இறையாண்மையைக் காத்துக்கொண்டன. மக்களைக் காக்கத்தான் எவருமில்லை.

1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் உடன்படிக்கையில் ஒப்பமிட்டனர். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிடப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டனர். ஏழுக்கு நான்கு என்று தானியம் அளப்பதுபோல் மனிதரை அளந்த இவ்வொப்பந்தத்தைத் தொழிலாளர் தலைவர் சௌ. தொண்டமான் எதிர்த்தார். எனினும் அளக்கப்பட்ட மக்களின் விருப்பத்தை எவரும் கேட்கவில்லை. நம் மூதாட்டியின் அண்ணன் இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றுத் தாயகம் திரும்பினார். அவரோ எந்த நாட்டின் தாளும் இன்றி நின்றார். 1977 கலவரத்தில் மலையிலிருந்து வவுனியாவுக்கும், 1990 போரில் அங்கிருந்து படகேறி இராமேசுவரத்துக்கும் வந்தார். ஒரே தாயின் வயிற்றில் பிறந்தவர்களில் ஒருவர் குடிமகன், மற்றவர் அகதி.

இரண்டு அரசுகள் கூடிப் பேசிவிட்டால் அது பன்னாட்டு ஒத்துழைப்பாகிவிடாது என்பதற்கு இவ்வுடன்படிக்கையே சான்று. இரு அரசுகளுக்கும் மேலான ஒரு நெறியும், நலிந்தோர் பக்கம் நின்று கேட்கும் மூன்றாவது குரலும் இருந்தால்தான் அது நீதியாகும்.

நல்ல மனமும் அதன் எல்லையும்

1983 ஜூலைப் படுகொலைகளுக்குப் பின் 1987 வரை ஏறத்தாழ 1,34,000 பேர் தமிழகத்தை வந்தடைந்தனர். நம் மக்கள் அவர்களை இரு கரம் நீட்டி ஏற்றனர். பள்ளிகள் திறந்தன, உதவித்தொகையும் அரிசியும் வழங்கப்பட்டன. இதனை நன்றியோடு நினைவுகூர வேண்டும். இவையனைத்தும் 1951ஆம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா ஒப்பமிடாமலே நிகழ்ந்தவை. ஆகவேதான், "விருந்தோம்பல் எம் மரபு, பிறர் எமக்கு விதி வகுக்க வேண்டா" என்று நம்மவர் பலர் பெருமிதம் கொள்கின்றனர்.

இப்பெருமிதத்தில் நியாயம் இல்லாமலில்லை. 1947 பிரிவினையில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் எல்லை கடந்தனர். ஆனால் 1951 ஒப்பந்தமோ ஐரோப்பியப் போரில் வீடிழந்தோரையே பெரிதும் மனத்திற்கொண்டு எழுதப்பட்டது. இதனை ஏழை நாடுகள் ஐயத்தோடு நோக்கியது இயல்பே. எனினும் கால, இட வரம்புகளை 1967ஆம் ஆண்டு நெறிமுறை நீக்கிவிட்டது. அதன் பின்னரும் நாம் விலகியே நிற்கிறோம். 1971இல் கிழக்கு வங்கத்திலிருந்து ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வந்தபோது, இது இந்தியாவின் சுமை மட்டுமன்று, உலகின் பொறுப்பு என்று நாம்தாம் உலக அரங்கில் முறையிட்டோம். அன்று நாம் சொன்னது சரியே. சுமை மிகும்போது உலகை அழைப்பதும், விதி என்றவுடன் தனிவழி என்பதும் எங்ஙனம் பொருந்தும்?

நல்ல மனத்தின் எல்லை 1991இல் தெரிந்தது. அவ்வாண்டு மே 21 அன்று ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அக்கொடுமை நாட்டின் நெஞ்சைப் பிளந்தது. குற்றம் புரிந்தோர்மீது எழவேண்டிய சினம், அவர்களுக்குத் தப்பி ஓடி வந்த ஏழைகள்மீதும் படிந்தது. முகாம்களில் கெடுபிடி கூடிற்று; கல்வி வாய்ப்புகள் சுருங்கின. 1992 ஜனவரியில் அகதிகளைத் திருப்பி அனுப்பும் பணி தொடங்கியது. அவர்கள் விரும்பித்தான் செல்கின்றனரா என்னும் ஐயம் எங்கும் எழுந்தது.

அப்போது நிகழ்ந்ததை நம் வாசகர்கள் கருத்திற்கொள்ள வேண்டும். 1992 ஜூலையில் ஐக்கிய நாடுகள் அவையின் அகதிகளுக்கான உயர் ஆணையத்துடன் இந்தியா ஓர் உடன்பாடு செய்துகொண்டது. ஆணையம் சென்னையில் அலுவலகம் திறந்தது. திரும்பிச் செல்வோரை அதன் அலுவலர்கள் தனியே சந்தித்து, விரும்பித்தான் செல்கிறீர்களா என்று கேட்டறிந்தனர். முகாம்களுக்குள் தாராளமாகச் சென்றுவரும் உரிமை அவர்களுக்கு அளிக்கப்படவில்லை. குறைகள் பல இருந்தன. ஆயினும் 1964இல் எவரும் கேளாத கேள்வியை 1992இல் ஒருவராவது கேட்டார். இதனால் இந்தியாவின் இறையாண்மை குன்றிவிடவில்லை. மாறாக, 1995இல் அவ்வாணையத்தின் செயற்குழுவிலேயே இந்தியா உறுப்பினராயிற்று.

அடைக்கல நகரங்கள்

விவிலியம் நன்கறிந்த நம் வாசகர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. எண்ணிக்கை நூல் 35ஆம் அதிகாரத்தில் ஆறு அடைக்கல நகரங்களைப் பற்றிப் படிக்கிறோம். அறியாமல் கொலை செய்தவன் பழிவாங்குவோனிடமிருந்து தப்பி அங்கே ஓடலாம். இஸ்ரயேல் மக்களுக்கு மட்டுமன்றி, அவர்களிடையே வாழும் அந்நியருக்கும் அந்நகரங்கள் உரியவை. அந்நகரத்து மூப்பர்களின் அன்றைய மனநிலையைப் பொறுத்து விடாமல், அடைக்கலத்தை இறைவன் சட்டமாகவே வைத்தார். இரக்கம் நிலைத்து நிற்க வேண்டுமாயின் அதற்கு ஓர் ஊரும் எல்லையும் முறையும் வேண்டும் என்பதே அதன் பொருள்.

1951 ஜூலையில் ஜெனீவாவில் கூடி அகதிகள் ஒப்பந்தத்தை வகுத்த 26 தரப்பினருள் திருப்பீடமும் ஒன்று. 1956இல் அதற்கு உறுதி ஏற்பும் அளித்தது. திருக்குடும்பமே எகிப்தில் அகதியாய் இருந்தது என்று மறையுரை ஆற்றுவதோடு நில்லாமல், அதனைச் சட்டத்தில் பொறிக்கவும் திருச்சபை துணைநின்றது. உயிருக்கு ஆபத்துள்ள இடத்துக்கு எவரையும் திருப்பி அனுப்பலாகாது என்பது அவ்வொப்பந்தத்தின் 33ஆம் பிரிவு. அதுவே கலிங்கின் கல்.

ஒப்பமிட்ட நாடுகள் யாவும் ஒழுங்காய் நடந்தனவா என்று கேட்கலாம். இல்லைதான். ஒப்பமிட்ட ஆஸ்திரேலியா, படகில் வந்தோரை 2001 முதல் நவுரு தீவுக்கு அனுப்பித் தடுத்து வைத்தது. அவர்களுள் ஈழத் தமிழரும் பின்னர் இருந்தனர். ஆனால் கல் இருந்ததனால்தான் அதனை மீறல் என்று சொல்ல முடிந்தது. அந்நாட்டு மக்களே தம் அரசிடம் நியாயம் கேட்க முடிந்தது. கல்லே இல்லாத இடத்தில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? 2025 மே மாதத்தில் ஈழத் தமிழர் ஒருவரின் வழக்கின்போது, உலகெங்குமிருந்து வருவோரை ஏற்க இந்நாடு சத்திரமா என்னும் பொருள்பட உச்ச நீதிமன்றத்தில் ஒரு கருத்து எழுந்தது. சேதுவுக்குச் செல்லும் வழியெங்கும் சத்திரங்கள் கண்ட மண் நம்முடையது. அந்தச் சத்திரங்களுக்கும் நிலம் எழுதி வைக்கப்பட்டிருந்தது. எழுதி வைத்தவரின் காலத்துக்குப் பின்னும் அங்கே உலை கொதித்தது.

எஞ்சிய கடமை

ஒத்துழைப்பு பயன் தரும் என்பதற்கு அண்டை நாட்டிலேயே எடுத்துக்காட்டு உண்டு. 2003இல் இலங்கை நாடாளுமன்றம், தலைமுறைகளாய் நாடற்றிருந்த இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கச் சட்டம் இயற்றியது. அரசும் தோட்டத் தொழிலாளர் அமைப்பும் ஐ.நா. உயர் ஆணையமும் கைகோத்தன. சுமார் பத்து நாட்களில் ஏறத்தாழ 1,90,000 பேர் தமக்குரிய தாளைப் பெற்றனர். 1948 முதல் இரு நாடுகளும் தனித்தனியே நின்று தீர்க்காத சிக்கலின் பெரும்பகுதி அவ்வாறு தீர்ந்தது.

நம் பக்கம் அது இன்னும் தீரவில்லை. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தோரையே கருதியது. இலங்கையிலிருந்து வந்தோருக்கு அதில் இடமில்லை. அதே ஆண்டு ஜூனில் மதுரை உயர் நீதிமன்றக் கிளை, இந்திய வம்சாவளியினரான 65 அகதிகள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வழிவிட்டது. 2015 ஜனவரி 9ஆம் நாள் வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, 2025இல் நடைமுறைக்கு வந்த அயல்நாட்டவர் சட்டத்தின் தண்டனைகளிலிருந்து மத்திய அரசு விலக்கு அளித்துள்ளது. இது வரவேற்கத்தக்கது. ஆயினும் விலக்கு என்பது குடியுரிமை ஆகாது. அளித்த ஆணையை நாளை ஓர் ஆணை திரும்பப் பெறலாம். இங்கேயே பிறந்து, நம் பள்ளிகளில் படித்து, வேறு நாட்டைக் கண்ணாலும் காணாத இளைஞர்கள் இந்நிலையில் உள்ளனர்.

நாமும் நம்மை ஆராய்ந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு கிறிஸ்து பிறப்பின்போதும் முகாமுக்குத் துணிமணியும் இனிப்பும் கொண்டு செல்கிறோம்; புகைப்படம் எடுத்துக்கொள்கிறோம்; நிறைவோடு திரும்புகிறோம். நினைத்தபோது செய்து, மறந்தபோது விட்டுவிடும் இரக்கம் அது. அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா இணைய வேண்டும், அகதிகளுக்கென்று ஒரு தேசியச் சட்டம் வேண்டும் என்று கேட்டுப் பேசுவதும் நம் விசுவாச வாழ்வின் பகுதியே. சட்டம் அறிந்த பொதுநிலையினர் முகாம் மக்களின் விண்ணப்பங்களுக்குத் துணை நிற்கலாம். பங்குத்தந்தையர் பழைய பதிவேடுகளைச் செல்லரிக்காமல் காக்கலாம். அவற்றில் யாருடைய பாட்டியின் பெயர் இருக்கிறதோ, யாரறிவார்!

அந்த மூதாட்டி மீண்டும் வந்தார். சான்றின் இன்னொரு படி வேண்டுமாம். மற்றோர் அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கப் போகிறாராம். எழுதி, முத்திரை இட்டுக் கொடுத்தோம். நெகிழித்தாளில் சுற்றி, மடியில் செருகிக்கொண்டு பேருந்துக்கு நடந்தார். அவர் தேடுவது நம் இரக்கத்தையன்று, தமக்குரிய தாளை. அது அவர் கையை அடையும்வரை நம் விருந்தோம்பல் பாதி வழியில்தான் நிற்கிறது.