பிள்ளைப்பெருமாள் ஐயங்கார்: மங்கிய புகழும் மறுவாசிப்பும்

‘அட்டப்பிரபந்தம் கற்றவன் அரைப்பண்டிதன்’ என்பது புலமை மரபில் வழங்கிய பழமொழி. அவ்வெட்டு நூல்களை இயற்றிய பிள்ளைப்பெருமாள் ஐயங்கார் என்னும் அழகிய மணவாளதாசர் இன்று இலக்கிய வரலாறுகளில் ஓரிரு பத்திகளுக்குள் அடங்கிவிடுகிறார்.

அவரது வாழ்வு பெரிதும் செவிவழிக் கதைகளாகவே கிடைக்கிறது. திருமலை நாயக்கர் (1623–1659) அரசவையில் அலுவல் புரிந்தார். திருவரங்கத்தில் தேர்ச்சீலையில் பற்றிய தீயை அவையில் இருந்தபடியே தம் ஆடையைக் கசக்கி அணைத்தார். வியந்த மன்னர் அவரைப் பணியினின்று விடுவித்துத் திருவரங்கத்துக்கு அனுப்பினார் என்பது மரபு. பட்டரை அவர் போற்றுவது கொண்டு பராசர பட்டர் காலத்தவர் என்பாரும் உளர். பட்டர் என்பது திருவரங்கத்தில் வழிவழி வந்த பெயராதலின் அச்சான்று வலுவற்றது. அரங்கனையன்றிப் பாடேன் என மறுத்து, நோயுற்றபின் வேங்கடவனைப் பாடினார் என்ற கதையும் ஐயத்திற்குரியதே. அழகரையும் நூற்றெட்டுத் திருப்பதிகளையும் பாடியவருக்கு அம்மறுப்பு பொருந்துமாறு இல்லை.

அவரது புகழைத் தாங்கியது பாடத்திட்டம். ஒரே எழுத்துத் தொடர் நான்கடிகளிலும் வந்து வெவ்வேறு பொருள் தரும் யமக அந்தாதியால் மாணவன் சொற்பிரிப்பும் நிகண்டறிவும் புராணச் செய்தியும் ஒருங்கே பெற்றான். திருச்சிராப்பள்ளியில் நெடுங்காலம் வாழ்ந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் 1871இல் சேர்ந்த உ.வே. சாமிநாதையரும் தொடக்கத்தில் அந்தாதிகளையே பாடங் கேட்டார். அவரே 1887இல் சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் அச்சேற்றியபின் சுவையின் அளவுகோல் மாறியது. புலமைக்குச் சான்றாயிருந்த சொன்னயம் வெறும் சொல்விளையாட்டாகக் குறைந்தது. வை.மு. கோபாலகிருஷ்ணமாசாரியரின் விரிவுரை நூல்களைக் காத்ததேயன்றி அப்போக்கை மாற்றவில்லை.

ஏறத்தாழ அதே காலத்து ஆங்கிலக் கவிஞர் ஆபிரகாம் கௌலியும் (1618–1667) வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் பெறும் அளவு புகழப்பட்டவர். அவரது சொற்சாதுரியத்தைச் சாமுவேல் ஜான்சன் குறை கூறினார். 1921இல் டி.எஸ். எலியட் எழுதிய கட்டுரைக்குப்பின் ஜான் டன் பெற்ற ஏற்றம் கௌலிக்கு வாய்க்கவில்லை.

எனினும் யமகத்தை மட்டும் வைத்து ஐயங்காரை அளப்பது முறையன்று. திருவரங்கக் கலம்பகத்தின் மறம் உறுப்பில், மகட்கொடை வேண்டிய அரசனின் தூதனை மறவர் எள்ளுகின்றனர். ஓலைக்கும் முகத்துக்கும் பொதுவான ‘திருமுகம்’ என்னும் சொல்லைப் பற்றிக்கொண்டு, இது முகமானால் வாயும் கண்ணும் செவியும் எங்கே என வினவுகின்றனர். அரங்கன் தோழனாகிய குகனின் குலம் தமதென்று செருக்குகின்றனர். இங்குச் சிலேடை அணியாக நில்லாமல் வசையாகிறது. மரபுச்செய்தி மெய்யாயின், அதனை எழுதியவர் அரசனின் ஓலைகள் வந்துபோகும் அவையில் இருந்தவர்.