நேர்த்தியும் கூட்டமும்

நல்லூரில் கொடி ஏறினால் யாழ்ப்பாணத்து வீடுகளில் மச்சச் சட்டி ஒதுங்கிவிடும். பலருடைய போத்தலும் அதோடு ஒதுங்கும். வருஷம் முழுக்கத் தவறணையே கதி என்று கிடந்தவர்களிலும் சிலர் அந்த 25 நாளும் ஒரு சொட்டு வாயில் வைக்கமாட்டார்கள். கத்தோலிக்கர் வீடுகளில் தவக்காலம் இதே வேலையைச் செய்கிறது. ஐயப்பனுக்கு மாலை போட்டவருக்கு 41 நாள். அரசாங்கமும் தன் பங்குக்குப் போயா நாளில் மதுக்கடைகளைப் பூட்டுகிறது. முதல்நாள் பின்னேரம் கடை வாசலில் நிற்கும் கூட்டத்தைக் கண்டவர்களுக்கு அந்தப் பூட்டின் பலம் தெரியும்.

ஆக, குடியை நிறுத்துவது நமக்குத் தெரியாத வித்தை இல்லை. நம்முடைய இந்த நேர்த்தியை, குடியை விட நினைப்பவர்கள் கூடும் அல்ககோலிக்ஸ் அனொனிமஸ் என்ற கூட்டத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

1935 மே மாதம், அமெரிக்காவின் அக்ரன் நகரம். போன வியாபாரம் பிழைத்துப்போய், பில் வில்சன் ஒரு ஹோட்டல் முன்கூடத்தில் தனியே நின்றார். ஒரு பக்கம் குடிக்கும் இடம், மற்றப் பக்கம் தொலைபேசி. அவர் குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. தேவாலயப் பட்டியலில் ஒரு போதகரைப் பிடித்து, அவர் தந்த பெயர்களுக்கு ஒவ்வொன்றாக அழைத்து, குடியால் அவதிப்படும் ஆள் யாராவது இருக்கிறாரா என்று விசாரித்தார். கிடைத்தவர் சத்திரசிகிச்சை வைத்தியர் பொப் சிமித். வில்சன் புத்தி சொல்லப் போகவில்லை. தான் அன்றைக்குக் குடிக்காமல் இருப்பதற்கே இன்னொரு குடிகாரரைத் தேடினார். பொப் குடியை விட்ட ஜூன் 10 அந்தக் கூட்டத்தின் பிறந்தநாளாயிற்று.

நேர்த்திக்கு ஊரே சாட்சி. முறித்தால் தெய்வக் குற்றம், அதைவிட ஊர்ப்பேச்சு. அந்தப் பயம் லேசான காவல் இல்லை. ஆனால் நேர்த்திக்கு ஒரு கடைசி நாள் உண்டு. தீர்த்தம் முடிந்தால் காவலும் முடிந்தது. இடையில் தவறினாலோ, “இனி என்ன, முறிஞ்சுதானே போச்சு” என்று முன்னையிலும் மோசமாகக் குடிப்பவர்கள் உண்டு. கூட்டத்தில் ஆயுளுக்கும் சத்தியம் கேட்பதில்லை. இண்டைக்கு மட்டும் குடிக்கேல்லை, அவ்வளவுதான். நாளைக்கு மறுபடி அதே பேச்சு. நேற்று வெறியில் விழுந்து கிடந்தவருக்கும் இன்றைக்கு அதே கதிரை. கட்டணம் இல்லை, குடியை விடும் விருப்பம் இருந்தால் போதும். எனக்குக் கூட்டத்தின் கணக்கே மனுஷ உடம்புக்குப் பொருந்துவதாகப் படுகிறது.

உடம்பு என்றதும் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போகக்கூடாது. வருஷக்கணக்காகத் தினமும் சாராயம் குடித்தவர் கொடியேற்றத்தன்று சட்டென்று நிறுத்தினால், சில மணித்தியாலங்களில் கை நடுங்கத் தொடங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாளளவில் சிலருக்கு இல்லாத ஆட்கள் தெரிவார்கள், சுவரில் பூச்சி ஊரும், தன் வீடே அடையாளம் தெரியாது. பேய் பிடித்துவிட்டது என்று வீட்டார் நூல் கட்ட ஓடுவார்கள். அது உயிரைப் பறிக்கக்கூடிய நிலை. நேர்த்திக்கும் கூட்டத்துக்கும் முன்னால் வைத்தியர் வேண்டும். தயமின் விற்றமினும் நடுக்கத்தை அடக்கும் மருந்தும் அவர் கையில்தான் இருக்கின்றன.

கூட்டத்தில் முழுப்பெயர் சொல்லாமல் இருப்பது என்ற விதிதான் குடாநாட்டில் இடிக்கிற இடம். சாந்தி ரங்கநாதன் 1980இல் குடிநோய்க்கென்று டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கிய சென்னையில், பெரம்பூர்க்காரர் அடையாற்றில் நடக்கும் கூட்டத்துக்குப் போய் முதற்பெயரோடு நிறுத்திக்கொள்ளலாம். இங்கே முதற்பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வி, “ஆற்றை மகன், எந்தக் குறிச்சி?” பருத்தித்துறையிலிருந்து பஸ் ஏறினாலும் பக்கத்துச் சீட்டில் மச்சானின் சிநேகிதன் இருப்பான். தவறணைக்குப் பகலில் போக வெட்கப்படாதவன் கூட்டத்துக்கு இருட்டில் போகவும் கூசுகிறான். இந்த வேடிக்கைக்கு நேர்த்தியிடம் பதில் உண்டு: விரதகாரனை யாரும் நோயாளி என்று பார்ப்பதில்லை.

அதனால் இங்கே கூட்டத்தைத் தேடுபவர் கிளினிக் வழியாகப் போவதே சுலபம். தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலையிலும் யாழ் போதனா வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. ஆற்றுப்படுத்தலுக்குச் சாந்திகம் இருக்கிறது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926ஐயும் அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927ஐயும் வீட்டிலிருந்தே அழைக்கலாம். போகிற இடத்தில் மருந்தோடு சேர்த்து, “குடியை விட்ட ஆக்கள் கூடிக் கதைக்கிற இடம் ஏதும் இருக்கோ?” என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு சூமில் நடக்கும் கூட்டங்களும் பெருகிவிட்டன. கமராவை நிற்பாட்டிவிட்டு இருந்தால் எந்தக் குறிச்சி என்று எவருக்கும் தெரியாது.

இன்னொரு வித்தியாசம் பெண்கள் சம்பந்தப்பட்டது. நம்மூரில் நேர்த்தி வைப்பது அநேகமாகக் குடிக்கிறவன் இல்லை, அவனுடைய தாய் அல்லது மனுசி. அவள் அடி அழிப்பாள், அவள் பட்டினி கிடப்பாள், அவன் குடிப்பான். கூட்டத்தில் ஒருவருக்காக இன்னொருவர் விட முடியாது. பில்லின் மனைவி லோயிஸ் 1951இல் குடும்பத்தாருக்கென்று அல்-அனொன் என்ற தனிக் கூட்டத்தைத் தொடக்க முன்னின்றார். அதற்குப் போக, அவன் குடியை விட்டிருக்க வேண்டும் என்றில்லை. அவன் வீட்டில் குடித்துக்கொண்டிருக்கையிலேயே அவள் போகலாம்.