லேபிளும் ஒலிப்பதிவுக் காலமும்: கிராமபோன் கம்பெனி இசைத்தட்டுகளை முன்வைத்து

தொடக்ககால இசைத்தட்டுகளில் பெரும்பாலும் ஆண்டு குறிக்கப்படவில்லை. ஆகவே தட்டின் நடுவில் ஒட்டப்பட்ட லேபிளின் வண்ணம், சின்னம், நிறுவனப் பெயர் ஆகியவற்றைக் கொண்டு காலம் கணிப்பது சேகரிப்பாளர் வழக்கம். அக்கணிப்பு நூலகப் பட்டியலில் ஏறி, அங்கிருந்து இசை வரலாற்று நூல்களுக்குள்ளும் நுழைந்துவிடுகிறது. லேபிள் உணர்த்துவது தட்டு அச்சான காலத்தையே. பாடகர் பாடிய காலத்தை அன்று.

லேபிள் சான்று பயனற்றதன்று. எமில் பெர்லினரின் முதற்காலத் தட்டுகளில் தாள் லேபிளே இல்லை. விவரங்கள் தட்டின் மீதே பொறிக்கப்பட்டன. இலண்டன் கிராமபோன் கம்பெனி 1898இல் எழுதும் தேவதையைத் தன் வணிகச் சின்னமாகக் கொண்டது. ஒருபக்கத் தட்டுகளின் வெறும் பின்புறத்தில் அவ்வுருவம் புடைப்பாகவும் காணப்படும். கிராமபோன் குழலுக்குச் செவிசாய்க்கும் நாயைப் பிரான்சிஸ் பராட் தீட்டிய ஓவியத்தை அந்நிறுவனம் 1899இல் வாங்கியபோதிலும், பிரித்தானிய லேபிள்களில் அது இடம்பெற்றது 1909இல்தான். அமெரிக்காவின் விக்டர் நிறுவனமோ அதே நாயை 1902இலேயே லேபிளில் அச்சிட்டுவிட்டது. ஊரை நோக்காது சின்னத்தை மட்டும் நோக்கி ஆண்டு கூறுவது எத்துணைத் தவறானது என்பதற்கு இஃதொன்றே போதும்.

இந்தியத் தட்டுகளில் அச்சான இடமும் துணைசெய்கிறது. பிரெட் கெய்ஸ்பர்க் 1902இல் கல்கத்தாவில் பதிவுசெய்தவை ஜெர்மனியின் ஹனோவரில் அச்சாயின. கௌஹர் ஜான் பாடி முடித்ததும் தம் பெயரை ஆங்கிலத்தில் அறிவிப்பது, அங்குள்ள பணியாளர் பாடகரை அடையாளங்கண்டு உரிய லேபிளை ஒட்டுதற்காக என்பர். கல்கத்தா சீல்தாவில் ஆலை தொடங்கியது 1908இல். அவ்வாலையில் அச்சான தட்டு எதுவும் அதற்கு முந்தியதாகாது.

ஆயினும் அதிலுள்ள குரல் முந்தியதாகலாம். விற்பனையுள்ள பாடலின் மூல அச்சைப் பேணி, வேண்டும்போது புதிய லேபிளுடன் மீண்டும் அச்சிடுவது நிறுவன வழக்கம். கரூசோ 1902 ஏப்ரலில் மிலானில் பாடியவை பின்னர் நாய்ச் சின்னத்துடனும் விற்பனையாயின. லேபிளை மட்டும் நம்பினால் ஏழாண்டேனும் பிழை நேரும். கரூசோவுக்கு வாழ்க்கை வரலாறுகள் உள்ளமையால் பிழை திருந்திவிடும். அத்தகைய குறிப்புகள் அரிதாகவே எஞ்சியுள்ள தமிழ்ப் பாடகியர் பலர்க்கு அவ்வாய்ப்பில்லை. அவர்தம் பாடுமுறை ஒரு தலைமுறை பிந்தியதாக வரலாற்றில் பதிவாகிவிடக்கூடும்.

திருத்துவதற்குரிய சான்று லேபிளுக்கு வெளியே, ஒலிவரிகள் முடியும் வெற்றிடத்தில் உள்ளது. அங்கு அழுந்தியுள்ள மூல எண் ஒலிப்பதிவின்போதே இடப்பட்டது; மறு அச்சிலும் மாறாதது. எண்ணையடுத்து முக்கோணம் இருப்பின் அது வெஸ்டர்ன் எலக்ட்ரிக் முறையிலான மின்பதிவு, 1925க்கு முந்தியதன்று. முக்கோணம் இல்லாமை மட்டும் பழைமையை நிறுவாது. 1931 முதல் வேறு மின்பதிவு முறைக்குச் சதுரக் குறியும் வழங்கியது.

மின்னுருவாக்கத்தின்போது லேபிளை மட்டும் வட்டமாக வெட்டிப் படமாக்கினால் இவ்வெண்ணே மறைந்துபோகும். வெற்றிடமும் படத்தில் அமைதல் வேண்டும். பட்டியலில் பதிவு ஆண்டும் அச்சு ஆண்டும் தனித்தனியே இடம்பெறல் வேண்டும்.