வெட்டப்பட்ட ஓரங்கள்: அமெரிக்கப் பேஸ்போல் அட்டையொன்றின் வரலாறு

போலி ஆவணங்களைப் பற்றி வரலாற்றாசிரியர் பேசுமிடத்துச் செப்பேடுகளையும் உயில்களையும் அரச கடிதங்களையுமே எடுத்துக்காட்டுவது வழக்கம். சிகரெட் பெட்டிக்குள் இலவசமாக இடப்பட்டுச் சிறுவர் கைகளிற் புரண்ட பட அட்டைகள் அவ்வரிசையில் இடம்பெறுவதில்லை. ஆயினும், ஒரு பொருள் எவ்வாறு சான்றாகின்றது, அச்சான்றைத் திருத்தத் தூண்டும் சமூகச் சக்திகள் எவை, திருத்தத்தைக் கண்டறியும் அதிகாரம் யார் கையிற் குவிகின்றது ஆகிய வினாக்களை ஐக்கிய அமெரிக்காவின் பழைய பேஸ்போல் அட்டைகள் வெகு கூர்மையாக எழுப்புகின்றன.

இவ்வட்டைகள் பிறந்த சூழலை முதலில் நோக்குதல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக் காற்பகுதி வரை சிகரெட் கையாற் சுற்றப்பட்ட ஒரு பொருளாகவே இருந்தது. 1880களில் ஜேம்ஸ் புக்கானன் டியூக் தமது தொழிற்சாலையிற் புகுத்திய பொன்சாக் இயந்திரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 120,000 சிகரெட்டுகளை உருவாக்க வல்லதாயிருந்தது. உற்பத்தி இவ்வாறு பெருகவே, நுகர்வோரைத் தேடிப்பிடிப்பது முதலாளியின் தலையாய பிரச்சினையாயிற்று. மென்மையான பெட்டி நசுங்காதிருக்க உள்ளே வைக்கப்பட்ட வெற்று அட்டை, படம் அச்சிடப்பட்ட விளம்பரமாக மாறியது இச்சூழலிலேயே. 1890 இல் டியூக்கின் தலைமையில் ஐந்து பெரிய உற்பத்தி நிறுவனங்கள் இணைந்து அமெரிக்கன் டொபாக்கோ கொம்பனியாயின. இவ்வேகபோகம் 1909 தொடக்கம் 1911 வரை வெளியிட்ட வெள்ளை ஓரமுள்ள கல்லச்சுத் தொடரே இன்று ரி 206 என வழங்குகின்றது. ஐந்நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் பதினாறு சிகரெட் பெயர்களின் விளம்பரங்களைப் பின்புறத்தில் தாங்கி வெளிவந்தன. 1911 மேயில் உச்ச நீதிமன்றம் அக்கொம்பனியைக் கலைக்குமாறு தீர்ப்பளித்தது.

இத்தொடரில் மிக அரிதாகக் கிடைப்பனவற்றுள் ஒன்று பிற்ஸ்பேர்க் அணியின் ஹோனஸ் வாக்னரின் அட்டை. அறியப்பட்ட பிரதிகள் அறுபது அளவிலேயே உள்ளன. சிறுவர் புகையிலை வாங்கத் தமது படம் காரணமாதல் கூடாதென அவர் தடுத்தார் என்பது பரவலான கதை. ஆனால், வாக்னர் தாமே புகையிலை மெல்லும் வழக்கமுடையவர். முன்னர்ச் சுருட்டு விளம்பரமொன்றுக்குத் தமது உருவத்தை வழங்கியவர். தமது உருவத்துக்குரிய ஊதியம் தரப்படாமையே காரணமென்பாரும் உளர். அறக்கதையிலும் இந்த இரண்டாவது விளக்கமே அக்காலத் தொழிலுறவுகளோடு இசைவதாகத் தோன்றுகின்றது. எவ்வாறாயினும் அட்டை இடையில் நிறுத்தப்பட்டது. அரிதான இப்பொருள் பிற்காலத்திற் பெருவிலை பெற்றது.

விலை உயர்ந்ததும் திருத்துவோரும் தோன்றினர். ஈண்டு ஒரு வேறுபாட்டை வலியுறுத்தல் அவசியம். முற்றிலும் புதிதாக அச்சிடப்பட்ட போலி வேறு. உண்மையான அட்டையைத் திருத்துவது வேறு. முன்னையதைக் கண்டறிதல் ஒப்பீட்டளவில் எளிது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர்ப் பரவலாகக் காகிதத்திற் சேர்க்கப்பட்ட வெண்மையூட்டும் இரசாயனங்கள் புற ஊதாக் கதிரின் கீழ் நீலமாய் ஒளிர்வன. 1909 ஆம் ஆண்டின் காகிதம் அவ்வாறு ஒளிர்வதில்லை. பழைய கல்லச்சில் வண்ணங்கள் தனித்தனியே ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிக்கப்பட்டன. ஆதலால் உருப்பெருக்கியின் கீழ்த் தோன்றும் அவற்றின் புள்ளியமைப்பு இன்றைய அச்சின் ஒழுங்கான புள்ளிவலையினின்றும் வேறுபடும்.

திருத்தங்களுள்ளும் சேர்க்கைகள் தம்மைக் காட்டிக்கொடுப்பன. மங்கிய இடத்திற் பூசிய வண்ணம் காகித நார்களுள் ஊறிப் பரவும். மூலையைக் கட்டியெழுப்ப ஒட்டிய காகிதக் கூழ் ஒளிக்கெதிரே பிடித்தால் வேறு அடர்த்தியுடையதாய்த் தெரியும். எழுத்துத் திருத்தம் இன்னும் சுவையானது. பிலடெல்பியா அணியின் மகீ என்பவரின் பெயர் ஆரம்ப அச்சில் ஓர் எழுத்துப் பிழையோடு வெளிவந்து பின்னர்த் திருத்தப்பட்டது. பிழையுள்ள பிரதியே அரிது. எனவே சரியான பெயரைச் சுரண்டிப் பிழையாக்கும் விந்தையான தொழிலொன்று உருவாயிற்று. நியூயோர்க் அமெரிக்க லீக் வீரரான ஜோ டொய்லைத் தேசிய லீக்கினர் எனத் தவறாகக் குறித்த பிரதியும் இத்தகையதே. அங்கு ஒரு சொல் புதிதாகச் சேர்க்கப்படுகின்றது. ஆனால், மகீயின் பிழைப்பிரதி பீட்மொன்ட் சிகரெட்டின் 150 பட விளம்பரத்தையும், டொய்லின் பிழைப்பிரதி அதே சிகரெட்டின் 350 பட விளம்பரத்தையும் மட்டுமே பின்புறத்திற் கொண்டுள்ளன. முன்புறத்தைத் திருத்தியவன் பின்புறத்தை மறந்தால் அகப்படுவான். ஏட்டுப் பிரதிகளின் பாடபேதங்களை ஒப்புநோக்கிப் பழகியோருக்கு இம்முறை அந்நியமானதன்று.

ஓரத்தை நறுக்குதலோ இவையனைத்திலும் கடினமான வழக்கு. நறுக்குபவன் எதனையும் சேர்ப்பதில்லை, எடுத்துவிடுகின்றான். புற ஊதாக் கதிர் காட்டுவதற்கு அங்கு எதுவுமில்லை. அளவுகோல் மட்டும் போதுமா எனின், அதுவும் போதாது. இத்தொடரின் வழமையான அளவு 1 7/16 அங்குல அகலமும் 2 5/8 அங்குல உயரமுமாகும். எனினும் தொழிற்சாலையின் வெட்டு என்றுமே சீரானதாக இருந்ததில்லை. சிறியதாய் வெட்டப்பட்ட அட்டை குற்றமற்றதாயிருக்கலாம். பெரியதாய் வெட்டப்பட்டதை நறுக்கிச் சரியான அளவுக்குக் கொணரவும் இயலும். எஞ்சுவது ஓரத்தின் இயல்பே. நூறாண்டு கண்ட ஓரம் மழுங்கி, அழுக்கேறி, நார்கள் தளர்ந்திருக்கும். புதிய வெட்டு கூர்மையாயும் வெண்மையாயும் இருப்பதோடு, சில வேளைகளில் அலகு நழுவிய இடத்தில் மெல்லிய வளைவையும் காட்டும். நான்கு ஓரங்களுள் இரண்டு ஒருவகையாகவும் இரண்டு வேறுவகையாகவும் இருப்பின் ஐயம் வலுப்பெறும்.

இவ்வோரங்களைப் பார்க்கவே இயலாதவாறு செய்ததுதான் சந்தையின் அடுத்த கட்டம். 1985 இல் பில் மாஸ்ட்ரோ என்னும் வியாபாரி வாக்னர் அட்டையொன்றை 25,000 டொலருக்கு வாங்கினார். 1987 இல் அதனை 110,000 டொலருக்கு விற்றார். 1991 இல் சொதபி ஏலத்தில் ஹொக்கி வீரர் வெயின் கிரெட்ஸ்கியும் புரூஸ் மக்னோலும் 451,000 டொலர் கொடுத்தனர். அவ்வாண்டிற் தோன்றிய பி.எஸ்.ஏ. என்னும் தரமிடும் நிறுவனம் தனது முதலாவது இலக்கத்தை இவ்வட்டைக்கே வழங்கி, பத்தில் எட்டுப் புள்ளிகள் இட்டு, பிளாஸ்டிக் உறையில் முத்திரையிட்டது. அதன்பின் வாங்குவோர் அட்டையை ஆராய்வதில்லை. உறையின் மேலுள்ள எண்ணையே வாங்கினர். சான்று சான்றிதழாக மாறிய இம்மாற்றத்தில், தீர்ப்பு வழங்கும் நிறுவனத்தின் நலனும் சந்தை ஏற்றமும் ஒன்றாகின்றன. அரிய அட்டையொன்றின் உயர்தரம் தரமிடும் தொழிலுக்கே விளம்பரமல்லவா? ஓரங்கள் பற்றிய ஐயங்கள் சேகரிப்பாளரிடையே எழுந்தபோதிலும் விலை ஏறியே சென்றது: 2000 இல் 1.265 மில்லியன் டொலர், 2007 இல் 2.8 மில்லியன்.

2012 இல் மாஸ்ட்ரோ மீது சிக்காகோவிற் குற்றம் சாட்டப்பட்டது. ஏலங்களிற் பொய்க்கேள்வி கேட்டு விலையேற்றியமை அவ்வழக்கின் மையம். 2013 இல் அஞ்சல்வழி மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்ட அவர், வாக்னர் அட்டையின் பக்க ஓரங்களைத் தாமே நறுக்கியதையும் ஒப்புக்கொண்டார். 2015 இல் இருபது மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. கால் நூற்றாண்டுக்கு மேலாக நிபுணத்துவம் தீர்க்காத ஐயத்தைக் குற்றவியல் விசாரணையே தீர்த்தது என்பது கவனிக்கத்தக்கது. 2021 இல் பத்தில் மூன்று புள்ளி பெற்ற, மூலைகள் மழுங்கிய மற்றொரு வாக்னர் 6.6 மில்லியன் டொலருக்கு விற்கப்பட்டது; 2022 இல் இரண்டு புள்ளி பெற்றதொன்று 7.25 மில்லியனைப் பெற்றது. தேய்மானம் சந்தைக்கு இழிவாயிருந்த காலம் மாறியதாகக் கொள்வதற்கில்லை. முதலீட்டாளர் வேட்கைக்கு வேறு அளவுகோல் கிடைத்தது, அவ்வளவே.

ரி 206 என்ற பெயரை இத்தொடருக்கு இட்டவர் சந்தைக்கு வெளியே நின்ற ஒருவர் என்பதையும் குறிப்பிடல் வேண்டும். சிரக்கியூஸ் நகரின் தொழிற்சாலைத் தொழிலாளியான ஜெபர்சன் பேர்டிக், மூட்டுவாதத்தால் வருந்தியவாறே மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட அச்சுத் துணுக்குகளைத் திரட்டி வகைப்படுத்தி, நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்துக்கு வழங்கினார். அங்கேயே அமர்ந்து அவற்றைத் தம் கையாற் பசையிட்டு அல்பங்களில் ஒட்டினார். 1963 இல் அப்பணியை முடித்து அவ்வாண்டிலேயே காலமானார். பசை பட்ட அட்டைக்குச் சந்தையில் மதிப்புக் குறைவு. அச்சேகரிப்பிலும் ஒரு வாக்னர் இருக்கின்றது.