தேனூர் தந்த திருவிழா

"முன்ன மாதிரி திருவிழா இல்லப்பா" என்று சோழவந்தான் பெரியவர்கள் அலுத்துக்கொள்வதுண்டு. முன்பு எப்படி இருந்ததாம்?

கள்ளழகர் அக்காலத்தில் நம் பக்கத்துத் தேனூரில்தான் வைகையில் இறங்கினார். மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தை, அறுவடை முடிந்த குடியானவர்களும் வர வசதியாகச் சித்திரைக்கு மாற்றி, அழகரையும் மதுரைக்கு வரவழைத்தவர் திருமலை நாயக்கர் (1623-1659) என்பது வழிவழிச் செய்தி. தேனூருக்கு எவ்வளவு மனத்தாங்கலோ!

ஆனாலும் சோழவந்தானில் ஜெனகை நாராயணப் பெருமாள் அழகர் கோலத்தில் இன்றும் ஆற்றில் இறங்குகிறார். கொரோனாவால் 2020, 2021-இல் மதுரையில் ஆற்றில் இறங்காத அழகர், 2022-இல் மறுபடி இறங்கினார்.

ஜனங்கள் வருவதற்காக மாதத்தையே மாற்றிக்கொண்ட திருவிழா இது. நாமோ லீவு இல்லை என்று டி.வி.யில் பார்த்துக் கும்பிடுகிறோம். அடுத்த சித்திரைக்காவது ஊருக்கு வாங்கப்பா!